மாமனாரின் கீழ்ப் பல் செட்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓர் உப்புத்தாள். என் மாமனார் தச்சர். வயது எழுபத்தெட்டு. வாயில் பேருக்கு ஒரு பல்கூட இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். ஆனால் பல்லே இல்லாத ஒருவர் எப்படி—’

நிறுத்திவிட்டேன். அந்தப் பழமொழியைச் சொன்ன ஆளுக்குப் பல் இருந்திருக்கும்.

2

போன வருடம் ஊருக்கு இலவசப் பல் முகாம் வேன் வந்தது. மாவு போன்ற ஒன்றை வாயில் அமுக்கி அளவெடுத்தார்கள். அடுத்த மாதம் மேலும் கீழுமாக ஒரு செட் கொடுத்தார்கள். கீழ்ச்செட் ஈறில் குத்தியது. மாமனார் சரியாகச் சாத்த வராத கதவைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இங்கதாம்மா பிடிக்குது. லேசா ஒரு தேய் தேய்ச்சா சரியாப் போயிடும்.”

தேய்த்தார். அந்த இடம் ஆறியது, பக்கத்து இடம் குத்தியது. அதையும் தேய்த்தார். பத்தே நாளில் செட் வாயில் நிற்காமல் ஆடியது. பேசினால் மடியில் விழுந்தது.

[‘நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்’ என்று முகாம் டாக்டர் சொன்னதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பாவம், “குத்தினா கழட்டி வைங்க, நான் வந்து பாக்கிறேன்” என்றுதான் அவர் சொன்னார். “நீங்க பாக்காத வேலையா மாமா?” என்று உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தவள் நான்.]

3

இப்போது அவர் யார் எதிரிலும் சாப்பிடுவதில்லை. கரைத்துக் கொடுப்பதைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிக்கிறார். சட்டை தோளில் நிற்கவில்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் புதுச் செட்டுக்கு ஐந்து தடவை வரச் சொன்னார்கள். முதல் தடவையே பஸ்ஸில் மயங்கி விழுந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது.

4

இன்று காலை வேன் மறுபடி வந்தது. அவரால் நடக்க முடியாததால் நான் மட்டும் போனேன். நர்ஸ் பட்டியலைப் பார்த்தாள்.

“இவருக்குக் குடுத்தாச்சே.”

“அது கெட்டுப் போச்சுங்க.”

“ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்க்கா. பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க.”

பார்த்தேன். அத்தனையும் பொக்கை வாய். பேசாமல் திரும்பிவிட்டேன்.*

* பொய். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

5

முடிவுகள் மூன்று யோசித்தேன். ஒன்றில் நர்ஸ் மனமிரங்குகிறாள். இன்னொன்றில் மாமனார் மரத்தில் தானே ஒரு செட் செதுக்குகிறார். படிக்க அழகாக இருக்கும், கடிக்க உதவாது. மூன்றாவதை நான் எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, கட்டிலில் காத்திருந்தார்.

“எப்பம்மா அளவெடுக்க வரச் சொன்னாங்க?”

“கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு மாமா, இதோ வரேன்” என்றேன்.

எழுத இனி ஒன்றுமில்லை. எழுந்து போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. நீங்கள் சொல்லுங்கள். கேட்டதும், “அதனால என்ன” என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அதை நம்பிவிடாதீர்கள்.