தங்கூசி மேல் பழி

கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், முப்பது ஆண்டுகளாகத் தங்கூசி நைலான் இழையைத் தவிர வேறெதுவும் ஏறாத தூண்டில் ரீல், என் ரீல், நேற்று நான் சவுனாவில் வியர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அர்வோ அதை உருவிவிட்டுப் பச்சைப் பின்னல் நூலைச் சுற்றி வைத்திருக்கிறான், நுனியில் முள்ளும் கட்டியிருக்கிறான்... அதுதான். நூல்கூடப் பரவாயில்லை. இந்தப் படகில் சுக்கான் அவனுக்கு, முடிச்சு எனக்கு, கல்யாணமான கோடையிலேயே பிரித்துக்கொண்டது, அவன் சுக்கானை நான் ஒருநாள் தொட்டிருப்பேனா? புல்ட்னி முனையைக்கூட இன்னும் தாண்டவில்லை, காபிக் குடுவையைத் திறக்கவில்லை, நான் பின்னலைக் கைகையாக உருவி வாளியில் போடுகிறேன், மடியில் தங்கூசிச் சுருள். ஏன் உருவுற என்றான். பிடிக்கல என்றேன். "ஊரே பின்னலுக்கு மாறிடுச்சு, ஹெல்வி. உன் தங்கூசி ரப்பர். மீன் கடிச்சு, கல்யாணம் பண்ணி, புள்ள பெத்தப்புறம்தான் நமக்குச் சேதியே வரும்." "வரட்டும். பேரு வைக்க உன்னைக் கூப்பிடுறேன்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ரப்பராம். நூறடி ஆழத்தில் பத்துப் பவுண்டு ஈயக்குண்டு, அதன் கம்பியில் கிளிப், கிளிப்பின் வாயில் நம் நூல். மீன் இழுத்ததும் கிளிப் விட்டுவிடும், அந்த நொடியில் நூல் தொய்யும், தொய்வில்தான் மீன் முள்ளை உமிழும். விறைப்பாக நீண்டு நிற்கிற தங்கூசி சட்டென்று சுருங்கி அந்தத் தொய்வை விழுங்கிக்கொள்ளும். பின்னலுக்கு அது தெரியுமா? கிளிப்பில் வழுக்கும், நிற்கவே நிற்காது, குண்டின் கம்பியில் ஒருமுறை உரசினால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் போனதற்குத் தங்கூசி என்ன செய்யும்? ஒரு தப்பும் செய்யவில்லை, எந்த நீதிபதி முன்னாலும் நின்று சொல்வேன்... சொல்வேனா? முப்பது பவுண்டு சால்மன், படகோரம் வந்துவிட்டது, அர்வோ வலையை நீட்டிவிட்டான், போய்விட்டது. சுற்றி எடுத்தால் நூலின் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கிறது. அறுந்த நூல் அப்படிச் சுருளாது, கடல்நாய் கடித்தால் பிசிறு இருக்கும். பன்றிவால் என்றால் ஒரே அர்த்தம்தான், முடிச்சு நழுவியது. அவன் வலையை உதறிக்கொண்டிருந்தான், நான் சுருளைப் பல்லால் கடித்துக் கடலில் துப்பினேன். "நூல் இத்துப்போச்சு" என்றேன். என் வாயால் நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் அவன் நூலை மாற்றினான். அதற்காக அவன்மேல் கோபம் வரக்கூடாதா? வருகிறது, என்ன செய்ய.

குளிர்காலம் முழுக்க ஏறிய மருந்து கட்டியைக் கரைத்தது, போகிறபோக்கில் விரல்நுனிகளின் உணர்வையும் கொண்டுபோய்விட்டது. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர், அவருக்கென்ன. பொத்தானை இப்போது பார்த்துத்தான் போடுகிறேன். அர்வோவிடம் சொல்லவில்லை. ஆறு மாதம் என் காலணி நாடாவை அவன் கட்டினான், குனிந்து, அந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தது போதும். இதையும் சொன்னால் முடிச்சு அவன் கைக்குப் போகும், பிறகு தூண்டில் கழி, பிறகு நான் போர்வைக்குள் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற மூட்டை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நூலை முள்ளின் காதில் நுழைத்து, ஐந்து சுற்று, எண்ணி, எச்சிலால் நனைத்து, இழுத்து... இறுகியதா? விரல் சொல்லவில்லை. கண் இறுகியது என்கிறது. கண்ணுக்கு என்ன தெரியும்?

முள்ளை அவனிடம் நீட்டினேன். கட்டியவர் சோதிப்பதில்லை, அது எங்கள் படகுத்துறையின் வழக்கம், தன் முடிச்சை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதால் அடுத்தவர்தான் இழுக்க வேண்டும். கயிறு கட்டும் கொம்பில் முள்ளை மாட்டி, நூலைக் கையுறையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பான் அர்வோ, முதல் வருடம் என் முடிச்சு அவிழ்ந்து மல்லாந்து விழுந்து பின்லாந்து மொழியில் என் அம்மாவையே திட்டினான். இன்றும் மாட்டினான். இழுத்தான். தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை எடுப்பதுபோல.

"நல்லாத்தான் இருக்கு" என்றான், தண்ணீரைப் பார்த்து.

"இழு."

"இழுத்தாச்சே."

"சாய்ஞ்சு இழு, அர்வோ."

நூலைப் பிடித்தபடியே நின்றான். இழுக்கவில்லை, விடவும் இல்லை, காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது... என் விரல் விஷயம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக? பொத்தானைப் பார்த்தானா, கோப்பையை நான் இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்தானா, பார்த்துவிட்டுச் சும்மா இருக்க இவன் யார்? தெரிந்தே நூலின் மேல் பழியைப் போட்டு, என்னோடு சேர்ந்து அந்தப் பொய்யைச் சுற்றிச் சுற்றி... வாயைத் திறந்தேன், நன்றாகக் கேட்டுவிடலாம் என்று. அப்போதுதான் தோன்றியது, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் முள்ளை இவனிடம்தானே நீட்டினேன், அன்றைக்கும் இப்படித்தான் இழுத்தானா?