வரப்பு தாங்கும்

படகின் முன்கதவு மணலில் சாய்ந்து இறங்கியதும் முதல் ஆளாகக் குதித்தவன் ஜான்சன்தான். யாரும் அவனைக் குதிக்கச் சொல்லவில்லை. தூரத்தில் நின்ற கடற்படைக் கப்பல், லாரியையும் சிப்பாய்களையும் வயிற்றில் சுமந்து வந்து, துறைமுகம் இல்லாத கரையிலும் படகு விட்டு இறக்கிவிடக்கூடியது. அதில் அவனுக்கு நங்கூரச் சங்கிலிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. இன்றைய பயிற்சி மரக்காணத்தில் என்பதால், சொந்த ஊர்க்காரன் என்று அவனையும் படகில் ஏற்றிவிட்டார்கள். காலையிலிருந்து தலைகால் புரியவில்லை அவனுக்கு.

படகிலிருந்து இறங்கிய லாரி ரோட்டுக்குப் போக வேண்டும். நடுவில் உப்பளம். வடக்கத்தி அதிகாரி, எது வழி என்று இந்தியில் கேட்டார். சவுக்குத் தோப்பை ஒட்டிச் சுற்றிப் போனால் நல்ல தடம் இருக்கிறது. ஆனால் உப்பள வரப்புதான் ஊர் சனம் கூடி நின்ற இடத்துக்கு நேராகப் போனது. லாரிக்கு முன்னால் கை காட்டிக்கொண்டே அவர்கள் எதிரில் போய் நிற்க அவனுக்கு அப்படியொரு ஆசை. "வரப்பு தாங்கும் சார்" என்றான். சின்ன வயதில் அதன்மேல் டிராக்டர் போனதைப் பார்த்த நினைப்பு. அது கோடையில் காய்ந்து கிடந்த வரப்பு, இப்போது மழை வடிந்த தை மாதம் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை.

பாதி வழியில் வரப்பு பொத்தென்று உட்கார்ந்தது. லாரி பக்கத்துப் பாத்திக்குள் சரிந்து, வெளியே வருகிறேன் என்று முன்னும் பின்னும் உழுதது. பெண்கள் வரிசையாகக் கைகோத்து நாள்கணக்கில் வெறுங்காலால் மிதித்து இறுக்கிய தளம் அது. தளம் இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். செருப்புக்காலோடு யாரும் அதில் இறங்கமாட்டார்கள். அது அக்கா சகாயசெல்வி குத்தகைக்கு எடுத்த பாத்தி என்பது, அவள் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"யார்றா இந்த வழியா வுடச் சொன்னது?"

"ஆபீசர்தான்க்கா" என்றான் ஜான்சன்.

அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "ஏன் சார், கண்ணு அவிஞ்சிப் போச்சா உனக்கு? மிதிச்சி மிதிச்சி எங்க காலெல்லாம் புண்ணாக் கெடக்குது. இந்த வருசம் இன்னாத்த வார்றது நாங்க, சேத்தையா?"

அதிகாரிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அக்கா என்ன சொல்கிறார் என்று ஜான்சனைக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அவன் காட்டிய வழியும் சேர்ந்து வெளியே வரும். வெயிலாக இருக்கிறதே, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் சார் என்றான். இந்தியில் அது தடங்கலே இல்லாமல் வந்தது. வெட்கங்கெட்ட வாய்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். இவ்வளவு நாசத்துக்குப் பிறகும் தண்ணீர் தருகிறேன் என்கிற மனுஷியைப் பார்த்துக் கைகூப்பினார். "தண்ணி... நன்றிக்கா... மன்னிப்பு" என்று தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

சகாயசெல்வி அவரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் கண்கள் அவள் முகத்தில் நிற்கவில்லை. குடத்திலிருந்து சொம்பில் மொண்டு அதிகாரிக்குக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் மறுபடி மொண்டு ஜான்சனிடம் நீட்டினாள்.

"நான் திட்டுனதுக்கு அந்தாளு நன்றி சொல்றாரு. நீயும் குடிடா. தொண்ட காஞ்சிருக்கும்."

குடித்தான். குடிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கயிறு கட்டி லாரியை இழுத்த பிறகு, பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். அதிகாரி அவர்கள் காலைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். சகாயசெல்வி ஒரு கணம் தயங்கிவிட்டு அவருக்குக் கை கொடுத்தாள்.

ஜான்சனும் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான்.

"நீ எறங்காத" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

கழற்றிய ஒற்றை பூட்ஸைக் கையில் பிடித்தபடி அவன் வரப்பிலேயே நின்றான். எதிரில் வரிசை ஒரே சீராக மிதித்துக்கொண்டு நகர்ந்தது, அவனைவிட்டுத் தள்ளி.