ஏழு நாள் கோடுகள்

வெங்கடம்மாள் ஒரு நாள் உயிரோடு இருப்பதற்கு அவள் அண்ணன் நாராயணப்பன் போட்டிருந்த விலை ஒரு களி உருண்டை. அதுவும் வீட்டில் எல்லோரும் தின்று கை கழுவிய பிறகு, ஆறிப்போனது. பத்தொன்பது வயதில் தாலியறுத்துத் திரும்பி வந்தவளைப் பதின்மூன்று வருஷமாக அதே விலையில் வைத்திருந்தார். மாங்காய் விலை ஏறியது, ஆள் கூலி ஏறியது, இது மட்டும் அசையவில்லை. ஊரில் அதற்குப் பெயர் தர்மம்.

அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவள் உள்ளே வந்தபோது, அண்ணன் கையில் அவர் மகள் சாந்தம்மாவின் நோட்டு இருந்தது. பதினோரு வயதுப் பெண்ணின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அண்ணி சரோஜம்மாள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல நடக்கறத நோட்ல எழுதி ஊருக்கு வாசிச்சுக் காட்டறியாடி?"

"சாருதான் எழுதச் சொன்னாரு நைனா."

சார் என்றால் ஜெபராஜ், கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வந்த வாத்தியார். சமூகப் பாடத்தில் ராஜாக்கள் பட்டத்துக்கு வந்த வருஷம், செத்த வருஷம் என்று ஒப்பிக்க வைக்காமல் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தார்: உழைப்பது யார், அனுபவிப்பது யார்? முதலில் சொந்த வீட்டில் ஏழு நாள் பாருங்கள், ஒரு வேலைக்கு ஒரு கோடு போடுங்கள், ராஜா வீட்டுக்கு அப்புறம் போகலாம் என்றார். சாந்தம்மா ஒன்று விடாமல் கோடு போட்டாள். வகுப்பில் எழுந்து வாசித்தாள். பண்ணையாள் மாதப்பனின் மகன் சிரித்தான். மறுநாள் டீக்கடையே சிரித்தது.

நாராயணப்பன் மாந்தோப்புக்காரர் மட்டுமல்ல, அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜரும் அவர்தான். ஆனாலும் வாத்தியாரை வெளியே தள்ளக் காகிதத்தில் ஒரு காரணம் வேண்டும். 'குழந்தையைப் பொய் எழுத வைத்தார்' என்று எழுதிப்போட்டு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரை வரவழைத்திருந்தார். சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. சாட்சி சாணிக்கையோடு எதிரே நின்றிருந்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. நோட்ல இருக்கறது தப்புன்னு சொல்லணும், அவ்ளோதான். சொல்லலைன்னு வெய்யி, ஊத்தங்கரைக்கு பஸ் இருக்குது. உம் மாமியா வூட்ல ஆரத்தி எடுப்பாங்க, போ."

மாமியார் வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு கதவுதான். அதுவும் சாத்திய கதவு. வெங்கடம்மாள் தலையை ஆட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. தாலியறுத்தவள் எதிரே வருகிறாளே என்று இன்ஸ்பெக்டரின் பியூன் ஒதுங்கி நின்று, அவள் போன பிறகு படியேறினான்.

"பாடத்துல வருஷமே இல்லியேய்யா," என்று இன்ஸ்பெக்டர் வாத்தியாரைக் கேட்டார். "பரீட்சைல எவ மாவரைச்சான்னா கேப்பாங்க?"

"ஆணிய மட்டும் அள்ளிக் குடுத்தா பிள்ளைங்க எங்க சார் அடிப்பாங்க? மொதல்ல செவுத்தக் காட்டணும். அப்புறம் வருஷமெல்லாம் அதுல தானா நிக்கும்."

"இப்ப செவுரே உம்ம தலைல விழப்போவுது பாரும்," என்றார் நாராயணப்பன்.

இன்ஸ்பெக்டர் குலுங்கிச் சிரித்தார். மத்தியானச் சாப்பாடு நாராயணப்பன் வீட்டில், சிரிக்காமல் என்ன செய்வார்? கோழி உரித்து மசாலா அரைத்துவிட்டு வந்திருந்தவள் வெங்கடம்மாள்.

"ஏம்மா, இந்த நோட்ல இருக்கறது சரியா, தப்பா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பாப்பா படிக்கட்டும், கேட்டுச் சொல்றேன்."

சாந்தம்மா படித்தாள். "அத்தை. சாணி வாரியது ஏழு. தண்ணீர் சேந்தியது ஏழு. பால் கறந்தது ஏழு..." பன்னிரண்டு வேலை, வேலைக்கு ஏழு கோடு. வெங்கடம்மாள் அசையாமல் கேட்டாள். அவள் வேலையை இன்னொருத்தர் வாய்விட்டுச் சொல்லிப் பதின்மூன்று வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை.

"தப்புதானுங்க," என்றாள்.

நாராயணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்: 'நோட்டில் உள்ளது தவறு எனச் சாட்சி கூறினாள்.'

"கொறச்சலா இருக்குதுங்க," என்றாள் வெங்கடம்மாள். "பாப்பா தூங்குனப்புறம் கேவுரு அரைக்கறது இதுல வரல. தோப்புக் காவலுக்குப் போறது வரல. கோழி கூவறதுக்கு மிந்தி மாஞ்செடிக்குத் தண்ணி தூக்கறதும் வரல."

"நோரு முய்யி!" வாயை மூடச் சொல்லிக் கத்தினார் நாராயணப்பன். அவருக்குக் கோபம் முழுசாக வந்தால் தெலுங்கில்தான் வரும்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "மொதல்ல சொன்னதே போதும்மா. எழுதியாச்சு."

ஜெபராஜுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. "ஜவளகிரிக் காட்டுக்குப் போய்யா. யானைங்க இருக்குது, யாரு உழைக்கறான்னு அதுங்களக் கேளு," என்று வழியனுப்பினார் நாராயணப்பன். சாயங்கால பஸ்ஸில் ஒரு துணிமூட்டையோடு வெங்கடம்மாளும் ஏற்றப்பட்டாள். அவள் அழவில்லை. அண்ணி எங்கே என்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை புது வாத்தியார் வந்து பட்டமேறிய வருஷங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டார். பிள்ளைகள் கோரஸாகக் கத்தின. கடைசி வரிசையில் சாந்தம்மா நோட்டை மடியில் வைத்து, அத்தை சொன்ன மூன்று வேலைக்கும் ஏழேழு கோடு சேர்த்தாள். பிறகு கூட்டினாள்.

அத்தை, நூற்றைந்து. அம்மா, நாற்பது. நைனா, ஒன்பது. அதில் ஏழு, அத்தையைக் கூப்பிட்டு வேலை சொன்னது.