முதல் நாளே சொல்லணும்

இறந்துபோன அம்மாவின் கண்ணாடியைக் கழற்றியபோது மூக்கின் இருபுறமும் இரண்டு சிவந்த பள்ளங்கள் தெரிந்தன. மகள் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நேற்றுவரை தேய்த்தால் மறைந்துவிடும். இன்று மறையவில்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அம்மாவுக்குப் பவர் கூடக்கூட அவளே புது லென்ஸ் போட்டுக் கொடுத்தாள். அம்மாவுக்குப் படிக்கக் கண் வேண்டும். நூலக மாடியில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். அதில் எல்லோருக்கும் மூத்தவள் அம்மாதான்.

"கேட்டு இன்னிக்கு ஒரு நாள் தெறந்தே கெடக்கட்டும். வர்றவங்க வரணும்ல?" என்று வாசலிலிருந்து மாமா யாரிடமோ சொன்னார். சொன்ன வேகத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டு நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார்.

நாற்பது வருஷமாக அந்தச் சொந்தத்தில் யாரும் அவள் முன்னால் கேட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. கடைக்குப் போய் நூல்கண்டு வாங்கிவந்து கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டது. திறந்திருந்த கேட் வழியாகத் தம்பி தெருவுக்கு ஓடியிருந்தான்.

"கடைசியா உள்ள வந்தது நீதானே?" என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

கேட்டின் கொக்கி விழுந்த சத்தம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. வருஷக்கணக்கில் திருப்பித் திருப்பி நினைத்ததில் அந்த ஞாபகமே தேய்ந்து, போடவில்லை என்றே ஆகிவிட்டது. அப்பா அதற்குப் பிறகு சாகிறவரை அவளோடு நேராகப் பேசவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மாவிடம். கல்யாணப் பேச்சு வந்தபோது வேண்டாம் என்றது அவள்தான். தன் கையை நம்பி ஒரு பிள்ளையை விட அவளுக்கே பயம். அம்மா வற்புறுத்தவில்லை. தினமும் அவள் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் உள்ளிருந்து குரல் வரும்: "கேட்ட சாத்திட்டியா?" போன வியாழக்கிழமைகூட வந்தது.

பதினொரு மணிக்கு வாசகர் வட்டத்துக்காரர்கள் எட்டுப் பேரும் சேர்ந்து வந்தார்கள். வட்டத்தை நடத்தும் டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நடையை விட்டுப் பள்ளிக்கூடம் போகாதவர், அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டியருகே நின்று கைகூப்பினார். பக்கத்தில் நின்ற தையல்காரர் பெரிய உடம்பைக் குலுக்கி அழுதார். மாமா அவர்களைச் சமையலறைக்கு அடுத்த அறையில் உட்கார வைத்தார். அவள் தேநீர் கொண்டுபோனாள்.

தையல்காரர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மனசு யாருக்கும்மா வரும்? நானா இருந்தா அந்த வயசுலயே வீட்ட விட்டு ஓடியிருப்பேன். எல்லாத்தையும் மன்னிச்சுட்டு, கடைசிவரைக்கும் கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டீங்களே."

எதை மன்னித்தேன் என்ற கேள்வி வாய்வரை வந்தது. எட்டு முகங்களும் அவளையே பார்த்தன. அத்தனையிலும் ஒரே மாதிரி கனிவு. ஏதோ ஒன்று அவளை நிறுத்தியது. தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா உங்ககிட்ட எப்படிச் சொன்னாங்க? அவங்க வார்த்தையிலயே கேக்கணும்போல இருக்கு."

டீச்சர்தான் சொன்னார்.

"மூணு வருஷம் இருக்கும்மா. ஒரு நாவல் படிச்சோம். அப்பன் வெச்ச நெருப்புக்கு மகன் ஜெயிலுக்குப் போவான். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க எல்லாரும் அந்த அப்பனக் கிழி கிழின்னு கிழிச்சோம். உங்கம்மா ஒரு வார்த்தை பேசல. கடைசில புத்தகத்த மூடி வெச்சுட்டு, 'அவனால சொல்லியிருக்க முடியாது. சொல்றதுன்னா முதல் நாளே சொல்லணும். ரெண்டாவது நாள் சொல்ல முடியாது'ன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம்தான் தம்பி கதையச் சொன்னாங்க. நீங்க கொக்கியப் போட்டுட்டுத்தான் உள்ள வந்தீங்களாம். அவங்க கண்ணால பாத்தாங்களாம். அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசறதுக்காக இவங்கதான் கேட்டத் தெறந்துக்கிட்டுப் போயிருக்காங்க. பால் தீயுற வாசனை வந்ததும் அப்படியே போட்டுட்டு உள்ள ஓடிட்டாங்க."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டேன்," என்றார் தையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "மகளுக்குத் தெரியுமான்னு. 'எப்பவோ சொல்லிட்டேன். அவ என்னக் கட்டிப் புடிச்சு, விடும்மான்னு சொல்லிட்டா'ன்னாங்க. அன்னிக்கு நாங்க அத்தன பேரும் அழுதோம்மா, உங்கள நெனச்சு."

வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அம்மா தன்னைக் கடைசியாகக் கட்டிப் பிடித்தது எப்போது என்று அவள் யோசித்தாள். நூல்கண்டு வாங்கப் போன நாளுக்கு முன்னால் எப்போதோ இருக்கும். மூன்று வருஷம் எட்டு வீடுகளில் அவள் மன்னித்தவளாக இருந்திருக்கிறாள். நூலகப் படியில் அம்மாவைக் கூப்பிடப் போய் நின்ற ஞாயிறுகளில் இவர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது.

"ஆமா," என்றாள். "விடும்மான்னுதான் சொன்னேன்."

டீச்சர் அவள் தோளைத் தொட்டார். "எடுக்கறதுக்கு முன்னாடி வட்டத்து சார்பா நான் ரெண்டு வார்த்தை பேசலாமாம்மா? உங்களுக்குச் சங்கடம்னா இதத் தொடமாட்டேன். பொதுவா அவங்க படிப்பப் பத்திப் பேசிட்டு விட்டுடறேன்."

கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அப்பாவின் தங்கை முன்வரிசையில் இருந்தாள். இவள் தூக்க வருகிறாள் என்று தெரிந்தால் தன் பேரப் பிள்ளைகளை மடியைவிட்டு இறக்காதவள் அந்த அத்தை.

"இதையே பேசுங்க டீச்சர். ஒண்ணும் விடாம சொல்லுங்க. அம்மாவோட தைரியம் எல்லாருக்கும் தெரியட்டும்." அவள் எழுந்து கோப்பைகளைத் தட்டில் சேர்த்தாள். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. மாமாவுக்குக் காது மந்தம்."

சமையலறையில் குழாயைச் சன்னமாகத் திறந்தாள். கோப்பைகள் எட்டு. கூடத்தில் டீச்சர் தொண்டையைச் செருமினார். கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற குரல். நாவல், நெருப்பு, ஜெயில் என்று வந்தது. தம்பி வந்தான். பால் வந்தது.

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றார் மாமா. "யாரு தெறந்தான்னு சொன்னீங்க?"

டீச்சர் திரும்பவும் சொன்னார். வெகுநேரம் கழித்து, "அம்மாடி, கொஞ்சம் இங்க வாயேன்," என்று அத்தையின் குரல் உடைந்து வந்தது. முகம் மூடப் போகிறார்கள், கடைசியாக வந்து பார்த்துக்கொள் என்று வேறு யாரோ சொன்னார்கள்.

"வேலையா இருக்கேன், மூடச் சொல்லுங்க," என்றாள் அவள். நான்காவது கோப்பையின் அடியில் சர்க்கரை கரையாமல் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.