அசதி போன நாள்

ஊன்றுகோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். கட்டிலில் மனைவி கிடந்தாள். டாக்டர் நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அப்போதுதான் படியிறங்கிப் போயிருந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்த அக்கா, பிணத்தைத் துடைக்க வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

"அந்தக் கம்பை அப்படிச் சாத்துடா. இனிமே அது யாருக்கு?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கை பட்டுத்தான் ஓடியது. அவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று சொன்ன டாக்டர், "நரம்பு மேல இருக்கற உறை அங்கங்க கிழிஞ்சுபோச்சு, வயர் மாதிரி" என்றபோது அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான் புரியவில்லை.

"காலையில கிச்சன் வரைக்கும் நல்லாத்தானே நடந்தா? மத்தியானம் மட்டும் எப்படிக் கால் வராமப் போகும்? வேலைன்னா அசதி வந்துடும். எல்லாம் நடிப்பு" என்பாள், மனைவியின் காதுபடவே.

தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. புழுக்கமான நாளில் சீப்பைத் தூக்கக்கூடக் கை வராது. வெயில் ஆகவே ஆகாது. போன மழைக்காலத்திலிருந்து கட்டிலோடு சரி.

இன்று மத்தியானம் அவன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது கட்டில் காலி. ஊன்றுகோல் சுவரோரம் அப்படியே இருந்தது. குளியலறையில் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. கீழே ஓடப்போனவன், தலைக்குமேல் காலடிச் சத்தம் கேட்டு மொட்டைமாடிக்கு ஏறினான்.

உச்சிவெயிலில் அவள் நடந்துகொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரைத் தொடாமல், கால் இழுக்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவளைப்போல. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"கீழ வா. உனக்கு வெயில் ஆகாது."

"இன்னைக்கு அசதியே இல்லீங்க. எங்க போச்சுன்னே தெரியல."

நீட்டிய அவன் கையை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு அவனுக்கு முன்னால் இறங்கினாள். அவனால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை. தானே படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டு, "நீங்கதான் ரொம்பக் களைச்சுட்டீங்க" என்றாள். அவன் தண்ணீர் எடுத்துவந்தபோது கண்கள் திறந்திருந்தன. அவள் இல்லை.

இதை அவன் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா காதுக்குப் போனால், இத்தனை வருஷமும் நடிப்பென்று ஆகிவிடும்.

விஷயம் கேள்விப்பட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு அவனிடம் கேட்டாள்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்திருந்தாங்களா தம்பி? கொஞ்சம் முன்னாடி மாடிப்படியில ஒரு பொம்பள விறுவிறுன்னு நடக்கற சத்தம் கேட்டுச்சே."

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான்தான் நடந்தேன்."

"வளையல் சத்தம்கூடக் கேட்டுச்சேப்பா..."

"சாவிக்கொத்து."

அக்கா துணியை நனைத்துப் பிழிந்தாள். முகத்தைத் துடைத்தாள், கைகளைத் துடைத்தாள். கால்பக்கம் போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவனும் எட்டிப் பார்த்தான். மாதக்கணக்கில் தரையில் படாத பாதங்கள். உள்ளங்கால் முழுக்க மாடியின் செங்கல் தூசு அப்பியிருந்தது. குதிகாலில் புதிதாக ஒரு கொப்புளம்.

அக்கா நகர்ந்து, தையல்காரம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாதங்களை ஒவ்வொன்றாக மடியில் எடுத்துவைத்து, விரலிடுக்கு விடாமல் துடைத்தாள். கொப்புளத்தின்மேல் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொண்டாள். அவன் உதவிக்கு வந்தபோது வேண்டாமென்று தலையசைத்தாள்.

பிறகு வாளியைத் தானே தூக்கிப்போய்க் குளியலறையில் சாய்த்தாள். சிவந்த தண்ணீர் சுழித்து முழுக்க வடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.