கும்பிடு போட்ட மரம்

செல்லத்தாயின் புருஷன் சிவனாண்டிக்குக் கொடைக்கானலில் ஒரு துரையின் பங்களாத் தோட்டத்தில் வேலை. ஒரு பொங்கலுக்குச் சொந்த ஊரான நாகமலை புதுக்கோட்டைக்கு வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு சைப்ரஸ் கன்றைக் கொண்டுவந்தான். பொடிப்பொடியான இலை, கிளைகள் அத்தனையும் தரையைப் பார்த்துத் தொங்கின. வாசலோரம் குழி வெட்டி நட்டுவிட்டு, "துரைமாரு இதை அழுவுற மரம்னு சொல்லுவாக" என்றான் பெருமையாக.

அவன் ஆத்தா மாயக்காள் பதறிப்போனாள். "வாசல்ல அழுவுற மரமா? வெளங்குமாடா வீடு? பிடுங்கி எறி!"

செல்லத்தாய்க்கோ கன்றைப் பார்த்ததுமே பிடித்துப்போயிருந்தது. "அழுவல அத்தே, நல்லாப் பாருங்க. நீங்க வந்து நிக்கவும் கும்பிடுது" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாயக்காள் இரண்டெட்டு நகர்ந்து நின்று பார்த்தாள். அங்கேயும் கும்பிட்டது. அதன்பிறகு அவள் வேறு யாரையும் தண்ணீர் ஊற்ற விடவில்லை. சித்திரை வெயிலுக்குத் தென்னங்கீற்றில் பந்தல் போட்டாள். வேரடியில் ஈர வைக்கோல் பரப்பினாள். மலைக்குளிருக்குப் பழகிய கன்று, நுனி கருகினாலும் எப்படியோ பிழைத்து, மூன்றாம் வருஷம் மார்பளவு வளர்ந்துவிட்டது.

அந்த வருஷம் செல்லத்தாயின் அம்மா ராமக்காள் கொட்டாம்பட்டியிலிருந்து வந்தாள். வாசலில் நின்று, "அட, எனக்கும்ல கும்பிடுது!" என்று பூரித்தாள். மாயக்காளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை சம்பந்தி வருகிறாள் என்று தெரிந்ததும், மாயக்காள் ஒரு மூங்கிலை ஊன்றி, பழைய சேலையைக் கிழித்து, கிளைகளை எல்லாம் நிமிர்த்திக் கட்டினாள். மரம் போலீஸ்காரரைப் போல விறைத்து நின்றது. மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, செல்லத்தாய் ஒவ்வொரு முடிச்சையும் பாதி தளர்த்திவைத்தாள்.

ராமக்காள் வந்து நின்றாள். காற்று ஒன்று வீசியது. முடிச்சுகள் நழுவி, கிளைகள் மொத்தமும் அவள் முன்னால் சரிந்தன.

"ஆத்தாடி! எனக்கு இம்புட்டு மரியாதையா, மதினி?"

"மரியாதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயிலு தாங்காம மயங்கிருச்சு" என்றாள் மாயக்காள்.

ராமக்காள் கீழே கிடந்த துணியை எடுத்து விரித்தாள். "இது உங்க சுங்குடிச் சேலைல?"

"அதுக்குச் சளி. கழுத்துல சுத்திவிட்டேன்."

செல்லத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சிரித்து முடித்து அவள் திரும்பி வந்தபோது, இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வாசல்ல வைக்க ஒரு கிளை ஒடிச்சுக் குடுங்க மதினி."

"தாரேன். ஆனா நான் கொட்டாம்பட்டிக்கு வரையில அது எனக்குத்தேன் மொதல்ல கும்பிடணும், சொல்லிட்டேன்" என்றாள் மாயக்காள்.