அவசரமில்லை

மயிலாத்தாளின் ப்ரீடிகிரி மார்க்கைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. அவளுடைய கணக்கு வாத்தியார் மிக்கேல்ராஜ் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். முதலமடையிலிருந்து போவதற்கு இரண்டே காலேஜ். பாலக்காட்டில் ஒன்று, கோயமுத்தூரில் ஒன்று. இரண்டிலும் கணிதத்துக்கு இடம் கைப்பிடி அளவு, கேட்டு வருகிற கூட்டமோ தேர்த்திருவிழாக் கூட்டம்.

"பாலக்காட்டுல உன் மார்க்கு வரப்பு மேல நிக்குது. இந்தப் பக்கமும் விழும், அந்தப் பக்கமும் விழும்," என்றார் வாத்தியார். "கோயமுத்தூர்னா கண்டிப்பா கிடைக்கும். ஆனா அங்க மனுப் போட வர்ற வெள்ளிக்கிழமைதான் கடைசி. ரெண்டுலயும் போட்டு வைக்கலாமே?"

போடலாம்தான். அப்பா ஆறுமுகசாமி கையெழுத்துப் போட வேண்டுமே! பாலக்காடு என்றால் காலையில் பஸ் ஏறிப் பொழுது சாய வீடு திரும்பலாம். கோயமுத்தூர் என்றால் ஹாஸ்டல். வயசுப் பெண்ணை வெளியூரில் விட்டுவிட்டு வருவதா என்று அவர் முதலில் துள்ளினார். அவள் இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்த பிறகுதான் இறங்கி வந்தார்.

"பாலக்காட்டுல இல்லைன்னு அவங்க வாயால சொல்லட்டும். அன்னிக்கே கோயமுத்தூருக்குக் கையெழுத்துப் போடறேன். போதுமா அம்முணி?"

போதும் என்றாள். அப்பாவின் வாக்கு அவளுக்குக் கோயில் வாக்கு. மாந்தோப்புக்கு வரும் திருச்சூர் லாரிக்காரர்களோடு மலையாளத்தில் பேரம் பேசி, ஒரு தடவை சொன்ன விலையை மாற்றாத மனுஷன் அவர்.

புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனார். கூடவே வருகிறேன் என்றவளை, "பெரியவங்க பேசற எடத்துல நீ எதுக்கு கண்ணு" என்று நிறுத்திவிட்டார். சாயங்காலம் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். அவள் வாசலுக்கே ஓடினாள்.

"பிரின்சிபால் என்னங்கப்பா சொன்னாரு?"

"அவசரமில்லைன்னுட்டாரு கண்ணு."

"அப்பறமென்ன, பதறாம இரு," என்றாள் அம்மா கமலாத்தாள். அம்மாவுக்கு இதில் பாதி மனசுதான். பொள்ளாச்சியில் இருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டில் மயிலாத்தாளை மகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவசரமில்லை என்று பிரின்சிபாலே சொன்ன பிறகு என்ன? இடம் கிடைக்கிறவர்களைத்தானே மெதுவாக வரச் சொல்வார்கள்! மயிலாத்தாள் அன்று வயிறாரச் சாப்பிட்டாள். கோயமுத்தூருக்குக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, பாலக்காட்டுக் காலேஜுக்குப் போட்டுப் போக இரண்டு தாவணிக்கு ஓரம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூர் வண்டி அவள் வீட்டு வழியாகத்தான் போனது. தலை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, பைத்தியக்காரி.

பாலக்காட்டுக் காலேஜ் பலகையில் பெயர் ஒட்டியபோது அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். வேண்டாம், வா போகலாம் என்ற அப்பாவை விட்டுவிட்டு நேராகப் பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தாள். அவரும் பின்னாலேயே வர வேண்டியதாயிற்று.

பிரின்சிபால் நல்ல மனுஷர். அவள் மார்க்கைப் பார்த்தார், பின்னால் நின்றவரையும் பார்த்தார்.

"ஞான் அன்னே பறஞ்ஞதல்லே? ஈ மார்க்கினு இவிடெ அவசரமில்லா."

அப்போதுதான் அவளுக்கு மண்டையில் அடித்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இந்த மார்க்குக்கு இங்கே வாய்ப்பில்லை என்று அன்றைக்கே சொன்னேனே என்கிறார். இரண்டு வருஷம் மலையாளிப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அப்பா வீட்டு வாசலில் நின்று தமிழில் சொன்னார், அவள் தமிழாகவே கேட்டாள். வாய்ப்பில்லை என்று பாலக்காட்டில் பஸ் ஏறிய சொல், பதற வேண்டாம் என்று முதலமடையில் வந்து இறங்கிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் முதலில் அவளுக்கு அப்பா மேல் இரக்கம்தான் வந்தது. பாவம், காட்டு வேலை பார்க்கிற மனுஷன், காலேஜ் மலையாளம் எங்கே புரியும் என்று நினைத்தாள். கொல்லங்கோடு தாண்டுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் போன வருஷத்து மாங்காய் சீசன் ஞாபகத்துக்கு வந்தது. லாரிக்காரன் ஒருத்தன் இரண்டு நாள் தாமதமாக வந்து பாதிக் காய் பழுத்து அழுகிப்போனது. தோப்பே கேட்கும்படி அப்பா அவனிடம் சொன்னார்: "ஒரு அவசரம் கூடி தராம். அதோடெ தீர்ந்நு." இன்னொரு தடவை வாய்ப்புத் தருகிறேன், அதோடு சரி. அவள் பக்கத்தில்தான் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மலையாளத்துல அவசரம்னா என்னங்க?"

ஆறுமுகசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே கரட்டுக் குன்றும் பனைமரமும் தவிர ஒன்றுமில்லை.

"நான் பொய் சொல்லலை கண்ணு," என்றார் கடைசியில். "அந்தாளு சொன்ன வார்த்தையத்தான் அப்படியே உன்கிட்டச் சொன்னேன்."

உண்மைதான். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இவர் ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு காலேஜையே மறைத்துவிட்டார்.

"உன்னைக் கொண்டுபோயி அங்க உட்டுப்போட்டு, நான் எப்படிக் கண்ணு தூங்கறது?"

மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மறுபடி பட்டினி கிடந்திருப்பாள், மிக்கேல்ராஜ் வாத்தியாரைக் கூட்டிவந்து சண்டை போட்டிருப்பாள். தோற்றாலும் சண்டை போட்டுத் தோற்றிருப்பாள். அதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

ஆடி முடிந்ததும் பொள்ளாச்சி மாமன் வீட்டார் பூ, பழத்தட்டோடு வந்தார்கள். அம்மா சமையலறைக்கு வந்து, "ஆவணிக் கடைசியில வெச்சுக்கலாமாங்கறாங்க, என்ன கண்ணு சொல்லட்டும்?" என்றாள்.

"நானே சொல்றனுங்க."

மயிலாத்தாள் கூடத்துக்கு வந்தாள். மாமன், அத்தை, மாப்பிள்ளை எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. சுவரோரம் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அவசரமில்லைங்க."

"அதுக்கென்ன சாமி, தையிலயே வெச்சுக்கலாம்! புள்ளை எத்தனை அடக்கமாச் சொல்லுது பாரு," என்று மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். கூடமே சிரித்தது. அம்மாவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. மகள் பேசியது எந்தப் பாஷை என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.